நீண்டகால வாடிக்கையாளர்

என் அக்காவின் கணவரைப் போல மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் நின்றுபோனால் மன்னிப்பு. வெளியே மழை பெய்தால் மன்னிப்பு. வந்து இறங்கியவரின் பெட்டிச் சக்கரம் அவர் ஊரிலேயே உடைந்திருந்தால் அதற்கும் மன்னிப்பு. இடது கையை நெஞ்சில் வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "சாரி சார்" என்பார். கேட்பவருக்குத் தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று இருக்கும். எங்கள் ஹோட்டலில் அத்தானுக்குப் பெயரே 'சாரி சார்'தான். சமையலறையிலிருந்து கார் நிறுத்துபவர் வரை முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

நான் அதே ஹோட்டலில் அறை முன்பதிவுப் பிரிவில் இருக்கிறேன். அத்தான் ரிசப்ஷனுக்கு மேனேஜர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நன்றி இருக்கிறது. அதற்காக வாயைத் தைத்துக்கொள்ள முடியாது.

அவருடைய மன்னிப்பெல்லாம் ஹோட்டல் வாசலோடு சரி. வீட்டுப் படி ஏறும்போது சரக்குத் தீர்ந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவர் வாயால் ஒரு 'சாரி' கேட்டதில்லை. அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேல் காபியைக் கொட்டினால், "இத ஏன் இங்க வச்ச?" ரயில் நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிவர மறந்தால், "ஒரு போன் பண்ணக் கூடாதா?" ஒருமுறை கார்க் கதவை அவள் விரலோடு சேர்த்துச் சாத்திவிட்டு, "கைய அங்க ஏன் வச்ச?" என்று கேட்ட மகான் அவர்.

அக்கா ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பெற்றோர்களையும் வாத்தியார்களையும் ஒரே பார்வையில் உட்கார வைப்பாள். இவரிடம் மட்டும் காத்திருப்பாள். என்றைக்காவது ஒருநாள் அந்த மனிதருக்கே தோன்றும், தானாக வந்து சொல்வார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்தக் காத்திருப்பைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போது எங்கள் ஜெனரல் மேனேஜர் ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. அடுத்தது அத்தான்தான் என்று சுவருக்குக்கூடத் தெரியும். முதலாளி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? ஆனா பாருங்க, எதிர்த்த ஹோட்டல்காரன் வச்சிருக்கிற ஜெனரல் மேனேஜர் பேருக்குப் பின்னாடி மூணு எழுத்து இருக்கு. நம்ம ஆளு பேருக்குப் பின்னாடி வெறும் முற்றுப்புள்ளின்னா நல்லாவா இருக்கு? ஒரு மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு வாங்க. நாற்காலி எங்கயும் போகாது."

அத்தானிடம் இருந்தது எந்தக் காலத்திலோ வாங்கிய ஒரு பி.ஏ.; அதை அவரே பெயரோடு போட்டுக்கொண்டதில்லை. மறுவாரமே ஊரிலிருந்த பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிட்டார். சனி, ஞாயிறு வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளெல்லாம் "அங்கிள்" என்றார்கள். முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது பாதிப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம், பேராசிரியர் என்று நினைத்து. அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார்.

வயசான காலத்தில் வரும் படிப்பு அம்மை மாதிரி, உடம்பு முழுக்கப் போடும். ஆயுள் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளின் பெட்டியைத் தூக்கச் சொன்ன மனிதர், சுற்றுலாப் பயணி என்றால் யார் என்று அப்போதுதான் படித்தார். நான் ஒருநாள் அவர்கள் வீட்டில் தங்கியதற்கு, "நீ சொந்த வீட்ட விட்டு ஒரு ராத்திரி வெளிய தங்கிட்ட. இலக்கணப்படி நீ ஒரு டூரிஸ்ட்" என்றார். "அப்ப காலைல காபி இலவசமா?" என்றேன். சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். அடுப்பங்கரை 'உணவு மற்றும் பானப் பிரிவு' ஆயிற்று. வெளியூரில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வருவது 'பருவகால வருகை'. அக்கா தன் துணி அலமாரியைக் காலி செய்து அவர் புத்தகங்களை அடுக்கினாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள், பிறகு அணைத்தாள், பிறகு அதை எனக்கே கொடுத்துவிட்டாள். இந்தப் பட்டத்தில் பாதி அவளுடையது என்று நான் சொன்னால், "போடி, படிக்கிறவருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதில்ல" என்பாள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு வகுப்பில்தான் சனி பிடித்தது. பேராசிரியை, அத்தானைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர், ஒரு விஷயம் சொன்னார். ஒரு குறையும் இல்லாமல் தங்கிப்போன விருந்தினரைவிட, ஏதோ குறை நேர்ந்து, அதை விடுதிக்காரர்கள் மனசாரக் கேட்டு, உடனே சரி செய்துகொடுத்தால், அந்த விருந்தினருக்கு விடுதி மேல் பாசம் அதிகமாகிவிடுவதுண்டு. எப்போதும் இல்லை, சில சமயம். இதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் பேராசிரியை சொல்லியிருக்கிறார். அத்தான் அதற்குள் குறிப்பெடுக்கக் குனிந்துவிட்டார்.

மன்னிப்பையே தொழிலாக வைத்திருந்தவருக்கு, அந்தத் தொழிலுக்கு ஒரு தத்துவம் கிடைத்தால் விடுவாரா? உச்சி குளிர்ந்துபோய் வந்தார். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் ஆய்வு என்றால் குறை வேண்டுமே. எங்கள் ஹோட்டல் சுமார்தான், ஆனால் அவர் கேட்ட வேகத்தில் குறைகள் நடக்கவில்லை. ஆகவே நடத்தினார்.

மூன்றாம் மாடியில் தினமும் நாலைந்து அறைகளில் துண்டு இருக்காது. இன்னொரு நாள் வெந்நீர் வராது. வேறொரு நாள் சாவி அட்டை கதவைத் திறக்காது. விருந்தினர் கோபமாகப் போனை எடுத்தால், அடுத்த நொடி அத்தான் வாசலில் நிற்பார், கையில் பழக்கூடை. எல்லாவற்றுக்கும் ஏழு படிகள். கேள், குறுக்கே பேசாதே, என்ன நடந்தது என்று அவர் வாயாலேயே சொல்ல வை, அவர் பட்ட கஷ்டத்தை அவருக்கே திரும்பச் சொல், சாக்குச் சொல்லாதே, சரி செய், எதிர்பாராத ஒன்றைச் சேர்த்துக் கொடு. பழக்கூடைதான் அந்த எதிர்பாராத ஒன்று. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், காலைல வச்ச துண்ட எடுக்கச் சொல்றீங்க. பத்து மணிக்கு எடுத்த துண்ட வைக்கச் சொல்றீங்க. எனக்கு வேற வேலையே இல்லையா?"

"இது ஆராய்ச்சிம்மா."

"துண்ட எடுத்துட்டு அப்புறம் வைக்கிறதா? எங்க வீட்ல இதுக்கு வேற பேரு."

அதற்கும் மன்னிப்புக் கேட்டார். விருந்தினர்கள் எழுதிய பாராட்டுகளோ எகிறின. ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர் மாதாமாதம் வருவார், கில்லாடி. இரண்டே வருகையில் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். துண்டைத் தானே பெட்டிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, "துண்டு இல்லியே சார்" என்று கூப்பிடுவார். அந்த மாதங்களெல்லாம் அவர் குடும்பம் எங்கள் பழத்தைத்தான் தின்றிருக்கும். அத்தானின் வரைபடத்தில் அவர்தான் மிக விசுவாசமான விருந்தினர்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒருநாள் எனக்குப் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏய், என் குடையத் தொலச்சிட்டாருடி."

"அவர் எதத்தான் தொலைக்கல?"

"அது இல்லடி. சாரின்னாரு."

நான் நம்பவில்லை. உட்கார வைத்து, நீ மழையில் நனைந்துகொண்டு வந்திருப்பாய் இல்லையா என்று கேட்டாராம். மறுநாளே புதுக் குடை, பழையதைவிட நல்லது. அடுத்த வாரம், ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தார், அதற்கும் ஒரு 'சாரி'. மனிதர் திருந்துகிறார் போல என்று நானே நினைத்தேன். பகலெல்லாம் அவர் துண்டு ஒளிக்கிற லட்சணத்தைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன் என்றால், என் புத்தியை எதால் அடிப்பது?

பிறகு அந்த ஆஸ்பத்திரி நாள் வந்தது. அக்காவுக்கு மார்பில் ஒரு சின்னக் கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவைச் சொல்லக் கூப்பிட்ட நாளில் நான் வருகிறேன் என்றேன். "வேண்டாம், அவர் வரேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மருந்து வாடையடிக்கும் அந்தக் கூடத்தில், பெயர் கூப்பிடும் வரை தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். டாக்டர் எதிரேயும் தனியாகத்தான் உட்கார்ந்தாள். கட்டியில் விஷமில்லை என்று சொன்னபோது, அதைச் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாமல் டாக்டரின் கையையே பிடித்துக்கொண்டாளாம்.

அன்று சாயங்காலம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று போனேன். போனால், அத்தான் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா நாற்காலியில். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்.

"எந்தப் பக்கம் உக்காந்திருந்த? பக்கத்துல யாரு இருந்தா? ரொம்ப பயந்துட்டியா?"

அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "நான் வந்திருக்கணும். என் தப்பு. எந்தச் சாக்கும் இல்ல" என்றார். அக்கா அழுதாள். கல்யாண நாளிலிருந்து சேர்த்துவைத்ததை எல்லாம் அன்றைக்கு அழுதாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தேன். மறுநாள் அவர் விடுப்புப் போட்டு, அவள் என்றோ கேட்டிருந்த ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார், நாள் முழுக்க.

அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்க வேண்டுமே. முகத்தில் ஒரு களை. பாத்திரம் கழுவும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். ஹோட்டல் நினைப்பில் நான் 'சாரி சார்' என்று வாய்தவறினால் முறைப்பாள். "அவருக்குள்ள அது இருந்திருக்குடி. எனக்குத்தான் பொறுமை பத்தல" என்றாள். அவளுக்குப் பொறுமை பத்தவில்லையாம்!

ஆய்வேட்டை வாய்மொழியாக விளக்கும் நாள் வந்தது. குடும்பத்தாரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா நல்ல நீலத்தில் புடவை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். மேடையில் அந்தப் பேராசிரியை, இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர். பின்னால் 'அங்கிள்' என்று கூப்பிடும் பிள்ளைகள்.

அத்தான் பிரமாதமாகப் பேசினார். ஏழு படிகளையும் எண் போட்டு வரிசையாகச் சொன்னார். துண்டு, வெந்நீர், சாவி அட்டை, எல்லாம் திரையில் கோடு கோடாக ஏறின. பேராசிரியை முகத்தில் ஈ ஆடவில்லை. "இதையெல்லாம் நீங்களே உண்டாக்கினீங்களா?" என்று கேட்டார். "ஆமா மேடம்" என்று அத்தான் நிமிர்ந்து நின்றார்.

"ஆனால் ஹோட்டலில் பெரிய குறையைச் சோதிக்க முடியவில்லை. முதலாளி அனுமதிக்க மாட்டார். ஆகவே, வணிகம் சாராத ஒரு சூழலில் அந்தச் சோதனையைச் செய்தேன்" என்று படித்தார். திரையில் புதிதாக ஒரு பக்கம் வந்தது. அதையும் படித்தார்.

"விருந்தினர் ஒன்று. பெண். நடுத்தர வயது. நீண்டகால வாடிக்கையாளர். வேறு இடத்துக்கு மாறும் வாய்ப்பு மிகக் குறைவு. சிறிய குறை, குடை. நடுத்தரக் குறை, இரவுச் சாப்பாடு. பெரிய குறை, மருத்துவமனை."

அக்கா பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. திரையில் ஒரு சிவப்புக் கோடு மருத்துவமனை என்ற இடத்தில் பள்ளத்தில் விழுந்து, பிறகு எல்லாக் கோடுகளையும் விட உயரத்துக்கு ஏறியது. அந்த ஏற்றம்தான் என் அக்கா பாத்திரம் கழுவும்போது பாடிய பாட்டு.

வெளித் தேர்வாளர், "ரொம்ப சுவாரசியமா இருக்கே" என்றார். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த விருந்தினர்கிட்ட சம்மதம் வாங்கினீங்களா?"

"சொல்லிட்டா சோதனை கெட்டுப்போயிடுமே மேடம். ஆனா பாதுகாப்பு ஏற்பாடு செஞ்சிருந்தேன். முடிவு வேற மாதிரி வந்தா உடனே போய் நிக்கணும்னு, ஆஸ்பத்திரி வாசல்லயே கார்ல உக்காந்திருந்தேன். டாக்டர் அறை நர்ஸ் எனக்குப் போன்ல தகவல் சொன்னாங்க."

"யாரு அவங்க?"

அத்தான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "இதோ, அவங்களே வந்திருக்காங்க மேடம்."

எல்லோரும் திரும்பினார்கள். அறிமுகப்படுத்தினால் எழுந்துகொள்ள வேண்டும் என்று பழகிய உடம்பு. என் அக்கா இருக்கையிலிருந்து பாதி எழுந்து, சபைக்குத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். பின்வரிசையில் ஒரு பிள்ளை கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது.

தேர்வாளர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். பேராசிரியைக்கு மனசில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. மற்றவர் வற்புறுத்தினார். கடைசியில், வீட்டுப் பகுதியை முழுவதும் நீக்கிவிட்டுச் சமர்ப்பித்தால் பட்டம் தரலாம் என்று தீர்ப்பாயிற்று. வீட்டை நீக்கிவிட்டால் பட்டம். அத்தான் அதற்கும் நன்றி சொன்னார்.

நடைபாதையில் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். "பாஸ்! கொஞ்சம் வெட்டச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்."

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "வாசல்லயா இருந்தீங்க?"

"முழு நேரமும். ஒரு நிமிஷம் நகரல. ஒருவேளை கெட்ட செய்தியா இருந்தா நான் மேல ஓடி வந்திருப்பேன், தெரியுமா?"

அதைக் கேட்டால் அவள் சந்தோஷப்படுவாள் என்று சத்தியமாக நினைத்தார். அவள் முதுகைக் காட்டி நடந்தபோதுதான் அவருக்கு ஏதோ இடித்தது. அடிக்கக் கை ஓங்கியிருப்பேன், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

அத்தான் ஜெனரல் மேனேஜர் ஆனார். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் பித்தளையில் பளபளத்தன. வீட்டில் அக்கா சண்டை போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவர் பூ வாங்கி வந்தார், வாங்கி வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பண்ணினது உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு எனக்குப் புரியுது" என்றார். அக்கா, "இது நாலாவது படி" என்று எழுந்து போய்விட்டாள். எதைச் சொன்னாலும் அது ஏழில் ஒன்றாக இருந்தது. மௌனமாக இருந்து பார்த்தார். அது இரண்டாவது படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருந்தேன். சாப்பாட்டு மேசையில் மூவரும். அத்தான் கரண்டியைக் கையில் எடுத்தவர், திடீரென்று உடைந்துபோனார். பூ இல்லை, பழம் இல்லை, தலைச் சாய்ப்பு இல்லை. மூக்கு ஒழுகியது. சட்டையால் துடைத்தார். "எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா" என்று மேசையில் தலையை வைத்து, அசிங்கமாக, சத்தம் போட்டு அழுதார்.

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போனாள். மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, கண்ணை, வாயை, கன்னத்தில் இறங்கும் தண்ணீரை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ. அவள் உதடு துடித்தது. நம்ப வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரிந்தது. அந்த மனிதரின் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு எப்போதும் வந்ததில்லை, அவ்வளவு பாவமும் வந்ததில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் தினமும் அவர்கூட வேல பாக்குற. சொல்லுடி, இது நிஜமா?"

அத்தான் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பதில் அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.